தீர்ப்பு கூட்டத்தின் கையில்

டீ சூடாக இருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறேன். நீங்கள் கேட்ட கேள்வி சின்னது, பதில்தான் நீளம். ஹிப்-ஹாப் கேட்கிற பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் பாட்டைக் கேட்டு ரசிப்பதை விட்டுவிட்டு ஏன் ஓயாமல் வாதாடுகிறார்கள்? நாஸ் பெரியவரா, ஜே-ஸீ பெரியவரா? டிரேக் பாடுவது ராப்தானா? அசல் ஹிப்-ஹாப் எந்த ஆண்டோடு முடிந்துபோனது? பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு இது வெட்டிப் பேச்சாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. மற்ற இசைகளில் பாட்டு முதலில் வந்தது, ரசிகர் சண்டை பிறகு வந்தது. இங்கே இரண்டும் ஒரே அறையில், ஒரே இரவில் பிறந்தவை. அதைச் சொல்ல உங்களை 1973-க்குக் கூட்டிப் போக வேண்டும்.

நியூயார்க் நகரத்தின் வட பகுதியில் இருக்கிறது பிராங்க்ஸ். அதன் குறுக்கே ஒரு பெரிய விரைவுச் சாலை போட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களை எழுப்பி அனுப்பினார்கள். எழுபதுகளில் தெற்கு பிராங்க்ஸில் கட்டடம் கட்டடமாகத் தீப்பிடித்தது. அதே காலத்தில் நகராட்சி சிக்கனம் என்று சொல்லித் தீயணைப்பு நிலையங்களைக் குறைத்தது. அங்கே செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ஆம் எண் அடுக்குமாடி. 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளி திறப்பதற்கு முன் புதுத் துணி எடுக்கக் காசு சேர்க்க வேண்டும் என்று சிண்டி கேம்பல் அங்கே கீழ்த்தளத்துக் கூடத்தில் ஒரு பார்ட்டி வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து பன்னிரண்டு வயதில் நியூயார்க் வந்தவர். உலகம் அவரை கூல் ஹெர்க் என்று அறியும்.

ஹெர்க் ஆடுகிறவர்களைக் கவனித்தார். ஜேம்ஸ் பிரவுன் பாட்டு ஓடும்போது பாதிப் பேர் சும்மா நிற்கிறார்கள்; குரலும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கி, டிரம் மட்டும் தனியாக வருகிற சில நொடிகளில் எல்லோரும் தரையில் இறங்குகிறார்கள். அந்தப் பகுதிக்குப் பெயர் பிரேக். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் காப்பி குடிக்க எழுந்து போகிறவர்கள் உண்டு. பிராங்க்ஸில் அந்தத் தனிக்காகவே ஜனம் காத்திருந்தது. அதனால் ஹெர்க் ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றொன்றில் அதைத் தொடங்கி, முடிந்ததும் முதல் தட்டைப் பின்னால் சுழற்றி மறுபடி விட்டார். சில நொடிகள் சில நிமிடங்களாக நீண்டன. பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கோக் லா ராக் என்ற நண்பர், வந்திருக்கும் ஆட்களின் பெயரைச் சொல்லிக் கூவி உற்சாகப்படுத்தினார். எம்சி என்கிற வேலை அங்கே தொடங்கியது. இன்று உலகம் தலையில் வைத்துக் கொண்டாடும் ராப்பர், டிஜேவுக்குத் துணையாள் என்ற இடத்திலிருந்து வந்தவர். இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹெர்க் தன் இசைத்தட்டுகளின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார். எந்தத் தட்டு, யாருடைய பாட்டு என்று போட்டி டிஜேக்கள் எட்டிப் பார்த்துவிடக் கூடாது. அந்த வட்டாரத்துப் பூங்காக்களில் இப்படிப் பல டிஜேக்கள், பல கூட்டணிகள். பத்திரிகை விமர்சகர் கிடையாது, ரேடியோ கிடையாது, விருது கிடையாது. யாருடைய பூங்காவில் கூட்டம் நிற்கிறதோ அவர் பெரியவர். அங்கே எழுதப்படாத இரண்டு சட்டங்கள் உண்டாயின. அடுத்தவன் சரக்கைத் திருடாதே; அதை அவர்கள் ‘பைட்டிங்’ என்றார்கள், இந்தக் கலையின் மூத்த பாவம் அது. இரண்டாவது, உன்னை எவனாவது கூட்டத்தின் முன் சவாலுக்கு இழுத்தால், கூட்டத்தின் முன்னேயே பதில் சொல். இன்றைக்கு ரசிகர்கள் போடுகிற எந்தச் சண்டையையும் பிரித்துப் பார்த்தால் இந்த இரண்டில் ஒன்று அடியில் கிடக்கும்.

முதல் சட்டம் எவ்வளவு சீக்கிரம் உடைந்தது தெரியுமா? 1979-இல், உலகம் முழுக்கக் கேட்ட முதல் ராப் இசைத்தட்டிலேயே. சில்வியா ராபின்சன் என்ற பாடகி, நியூ ஜெர்சியில் இசை நிறுவனம் நடத்தியவர், மூன்று இளைஞர்களைச் சேர்த்து சுகர்ஹில் கேங் என்று பெயர் வைத்து ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற நீளப் பாட்டைப் பதிவு செய்தார். அந்த மூவரில் பிக் பேங்க் ஹாங்க் என்பவர் பீட்ஸா கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிராங்க்ஸ் மேடைகளில் பெயர் எடுத்த எம்சி அல்லர். அவர் பாடிய வரிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவர் எழுதியவை. காஸ் தன்னுடைய பட்டப்பெயரைப் பாட்டுக்குள் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருந்தார். ஹாங்க் அதையும் மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார். அந்தப் பெயர் இன்றும் பதிவில் இருக்கிறது. பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 36-ஆம் இடம் வரை ஏறியது. பின்னணி தாளத்தை ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டிலிருந்து எடுத்தார்கள். அதை இயற்றிய நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் சண்டை போட்டுத் தங்கள் பெயரைச் சேர்க்க வைத்தார்கள். காஸின் பெயர் சேரவே இல்லை.

எனக்கு இந்தக் கதை மனசை அறுக்கிறது. சாதாரண ரசிகர்களைக் கேட்டால் ஹிப்-ஹாப் பொற்காலத்தில் அசலாக இருந்தது, பிறகு வியாபாரம் வந்து கெட்டது என்பார்கள். ஏட்டைப் புரட்டினால் வெளியுலகத்துக்கு அது போன முதல் நாளே அசல் ஆள் வெளியே நிற்க, வேறொருவர் அவர் வார்த்தையைப் பாடிக்கொண்டிருக்கிறார். பிராங்க்ஸ்காரர்களுக்கு அது அன்றைக்கே தெரியும். அசல் எது என்ற கேள்வி அந்தக் காயத்திலிருந்து வந்தது. உழைத்தவன் ஒருவன், பெயர் வாங்கியவன் வேறொருவன் என்ற ஆத்திரம் அது. ரசனை உயர்ந்தவர்களின் செருக்கு என்று அதைத் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது சட்டத்துக்கு வருகிறேன். 1981 டிசம்பர், ஹார்லெம் வேர்ல்ட் என்ற நடன அரங்கம். பிஸி பீ என்ற எம்சி மேடையில். அவரைப்போலக் கூட்டத்தைக் கையில் வைத்திருக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் கேட்பார், கூட்டம் பதில் சொல்லும், கை தட்டச் சொல்வார், தட்டும், சிரிக்க வைப்பார். போட்டி என்று ஒன்று நடந்தால் பரிசு அவருக்குத்தான் என்ற நிலை. அன்றைக்கு யார் வந்தாலும் சரி என்று சவால் விட்டார். டிரெச்சரஸ் த்ரீ குழுவின் கூல் மோ டீ எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். கூட்டத்திடம் கை தட்டச் சொல்லவில்லை. பிஸி பீயைப் பார்த்து, உன் வழியெல்லாம் பழசு, வரிகள் கடன் வாங்கியவை என்று அடுக்கடுக்காக, நெருக்கமான எதுகையோடு, மூச்சு விடாமல் சொன்னார். கூட்டம் முதலில் திகைத்து, பிறகு அதிர்ந்தது. யாரோ பதிவு செய்த கேசட் கைமாறிக் கைமாறி நகரம் முழுக்கப் போனது.

அந்த ஒரு கேசட்டில் இன்றுவரை நடக்கிற வாதம் முழுதும் அடங்கியிருக்கிறது. பெரிய எம்சி யார்? ஆயிரம் பேரை ஆட வைக்கிறவரா, வார்த்தையைச் செதுக்குகிறவரா? 1981-க்கு முன் பதில் முதலாமவர். அந்த இரவுக்குப் பிறகு இளைஞர்கள் வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள். நான் சொல் பக்கம் நிற்கிறவன். இருந்தாலும் பிஸி பீக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். அறியாத கூட்டத்தை ஐந்து நிமிடத்தில் ஒரே உடம்பாக்குவது எழுத்தால் மட்டும் வராத வித்தை. பட்டியல் போடுகிறவர்கள் அதற்கு மதிப்பெண் வைப்பதே இல்லை. தாளில் எழுதிப் பார்த்தால் சாதாரணமாக இருக்கும் வரி, சரியான நேரத்தில் சரியான ஆள் சொல்லும்போது அரங்கத்தையே தூக்கிவிடும். ஹெர்க்கின் கூடத்தில் கோக் லா ராக் செய்தது அதைத்தானே?

சரி, செதுக்குவது என்றால் என்ன? காதால் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நாலு தட்டு சேர்ந்தால் ஒரு பார். பெரும்பாலும் இரண்டாவது, நாலாவது தட்டில் ஸ்னேர் டிரம் சுள்ளென்று விழும். பதினாறு பார் சேர்ந்தது ஒரு வெர்ஸ் என்பது வழக்கமான அளவு. ஆரம்ப கால ராப்பில் ஒவ்வொரு பாரும் ஒரு வாக்கியம். நாலாவது தட்டில் வாக்கியம் முடியும், அங்கே ஓசை ஒத்துவரும். நம் யாப்பில் அடியின் இறுதியில் ஓசை ஒன்றுவதை இயைபு என்கிறோமே, அதுவேதான். கேட்கிறவருக்கு அடுத்த ஒத்திசை எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கைத்தட்டலுக்கு அது வசதி.

1986-இல் லாங் ஐலண்டிலிருந்து ரகீம் வந்தார். மறுவருடம் எரிக் பி.யுடன் ‘பெய்ட் இன் ஃபுல்’ ஆல்பம் வெளிவந்தபோது அவருக்கு வயது 19. சாக்ஸஃபோன் வாசித்தவர், ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்தவர். அவர் செய்த முதல் காரியம் கத்துவதை நிறுத்தியது. அதுவரை ராப்பர்கள் பூங்காவின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கக் கூவினார்கள்; ரகீம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில் சொன்னார். இரண்டாவது காரியம், வாக்கியத்தை பாரின் எல்லையைத் தாண்டி வழிய விட்டது. ஒத்திசை கடைசித் தட்டில் மட்டுமல்ல, நடுவிலும், எதிர்பாராத மூலையிலும் விழுந்தது; ஓர் அசையோடு நிற்காமல் மூன்று நான்கு அசைகள் சேர்ந்து ஒத்துவந்தன. சாக்ஸஃபோன்காரர் தாளத்துக்கு முன்னும் பின்னும் நகர்ந்து திரும்பி வந்து சேர்வாரே, அதைச் சொல்லால் செய்தார். ரகீமுக்கு முந்தைய பாட்டு ஒன்றையும் பிந்தைய பாட்டு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் வித்தியாசம் புரியும். ‘ஃப்ளோ’ என்று பிள்ளைகள் சொல்வது இந்த நடையைத்தான். அவருக்குப் பின் வந்த நாஸ், எமினெம், கென்ட்ரிக் லமார் எல்லோரும் அவர் வெட்டிய வாய்க்காலில் ஓடியவர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

வரிசைப்படுத்துகிற ஆசையும் ரசிகர்களிடம் தொடங்கியதல்ல, கலைஞர்களிடமே தொடங்கியது. அதே கூல் மோ டீ 1987-இல் ‘ஹவ் யா லைக் மீ நவ்’ ஆல்பத்தோடு ஒரு மதிப்பெண் அட்டையையே அச்சடித்துக் கொடுத்தார். சொல்வளம், உச்சரிப்பு, குரல், மேடைத் தோற்றம், புதுமை என்று பாடம் பாடமாகப் பிரித்து சக ராப்பர்களுக்கு மதிப்பெண். தனக்கும் ஒரு வரிசை. உறையில் ஒரு ஜீப்பின் சக்கரம் சிவப்புத் தொப்பி ஒன்றை நசுக்கிக்கொண்டிருக்கும். அந்தத் தொப்பி யாருடையது என்று அன்று எல்லோருக்கும் தெரியும், போட்டி ராப்பர் எல்எல் கூல் ஜேயின் அடையாளம் அது. 2003-இல் மிகச் சிறந்த ஐம்பது எம்சிக்கள் என்று ஒரு புத்தகமும் எழுதி மெல்லி மெல் என்ற ராப்பரை முதலிடத்தில் வைத்தார். எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. ஆனால் அந்தப் பாடப் பிரிவுகளை நம்புகிறேன்; ஒரு கலையைத் துண்டு துண்டாகக் காது கொடுத்துக் கேட்டவரால்தான் அப்படிப் பிரிக்க முடியும்.

1988-இல் ஹார்வர்ட் மாணவர்கள் தொடங்கிய ‘தி சோர்ஸ்’ என்ற சிறு இதழ் சில வருடங்களில் அந்த உலகத்தின் வேதமாகிவிட்டது. ஆல்பங்களுக்கு ஐந்து மைக் வரை மதிப்பெண் போடுவார்கள். ஐந்து வாங்குவது அபூர்வம். 1994-இல் குவீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த இருபது வயது நாஸின் முதல் ஆல்பம் ‘இல்மாட்டிக்’ அதை வாங்கியது. பத்துத் தடங்கள், மொத்தம் நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. தந்தை ஓலு டாரா ஜாஸ் கலைஞர். ஒரு பாட்டின் முடிவில் அவருடைய ஊதுகருவி ஒலிக்கும். விற்பனையில் அது புயல் அல்ல. முதல் வாரம் பட்டியலில் 12-ஆம் இடம், பத்து லட்சம் என்ற அங்கீகாரம் வர 2001 ஆயிற்று. ஆனால் முப்பது வருடமாக ‘சிறந்த ஆல்பம் எது’ என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் அது முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பவனின் கண் அதில் இருக்கிறது. யாரையும் நல்லவனாக்கவும் இல்லை, கெட்டவனாக்கவும் இல்லை.

விற்பனையை வைத்துப் பெரியவர் யார் என்று சொல்ல முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். 1990-இல் எம்சி ஹாமரின் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 21 வாரம் முதலிடத்தில் நின்றது. பெரியவர் பட்டியல்களில் அவர் பெயரைப் பார்ப்பது அரிது. அவ்வளவுதான் பதில்.

இடம் என்கிற அளவுகோல்தான் எனக்கு அதிகம் உறுத்துவது. அசல் என்றால் நியூயார்க் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. நியூயார்க்குக்குள்ளேயே எண்பதுகளின் நடுவில் குவீன்ஸ்பிரிட்ஜின் எம்சி ஷானும் தெற்கு பிராங்க்ஸின் கேஆர்எஸ்-ஒன்னும் இந்தக் கலை எங்கே பிறந்தது என்று பாட்டாலேயே அடித்துக்கொண்டார்கள். ஷான் தன் பேட்டையின் கதையைத்தான் சொன்னதாகச் சொல்லிப் பார்த்தார், பிராங்க்ஸ் கேட்கவில்லை. அப்படிப்பட்ட ஊர், வெளியூர்க்காரனை எப்படி வரவேற்றிருக்கும்?

1995 ஆகஸ்ட் 3, மேடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகத்து அரங்கில் தி சோர்ஸ் விருது விழா. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் பகை முற்றியிருந்த நேரம். மேடையிலேயே ஒருவரையொருவர் சீண்டினார்கள். அதற்கடுத்த இரண்டு வருடங்களுக்குள் மேற்குக் கரை ராப்பர் டூபாக் லாஸ் வேகஸிலும் கிழக்குக் கரை ராப்பர் பிக்கி லாஸ் ஏஞ்சலஸிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த இரவில் சிறந்த புதுக் குழு விருது தெற்கே இருக்கும் அட்லாண்டாவைச் சேர்ந்த அவுட்காஸ்டுக்கு. ஆந்த்ரே, பிக் பாய் என்ற இரண்டு பையன்கள். மேடை ஏறியபோது அரங்கம் கூச்சலிட்டு அவமதித்தது. தெற்கத்திக்காரனுக்கு ராப் என்ன தெரியும் என்பதுதான் அந்தக் கூச்சலின் பொருள். ஆந்த்ரே மைக்கில் மிகச் சுருக்கமாகப் பேசினார்: தெற்கிடமும் சொல்லுவதற்கு விஷயம் இருக்கிறது என்ற பொருளில் முடித்துவிட்டு இறங்கிவிட்டார்.

மூன்று வருடம் கழித்து, 1998-இல், அவர்களுடைய ‘அக்வெமினை’ ஆல்பத்துக்கு அதே இதழ் ஐந்து மைக் கொடுத்தது. 2004-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் அவுட்காஸ்டுக்கு. அதற்குள் இந்த இசையின் தலைநகரமே அட்லாண்டாவுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தது. 1995-இல் கூச்சலிட்டவர்களைச் சும்மா மூடர்கள் என்று நான் ஒதுக்கமாட்டேன். தங்கள் தெருவில் பிறந்த ஒன்று கைவிட்டுப் போகிறது என்ற பயம் அவர்களுக்கு இருந்தது; காஸுக்கு நடந்ததைப் பார்த்த ஊர் அது. ஆனால் அவர்கள் காது மூடியிருந்தது. அவுட்காஸ்ட் யாருடைய வரியையும் திருடவில்லை. நியூயார்க் குரலைப் போலி செய்யவும் இல்லை. தங்கள் ஊர் உச்சரிப்பில், தங்கள் ஊர்ச் சர்ச் இசையும் ஃபங்க்கும் கலந்து பாடினார்கள். பிராங்க்ஸின் சட்டப்படி பார்த்தால் அன்று அந்த அரங்கத்தில் அசலான ஆட்கள் அவர்கள்தான்.

இங்கே நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் பெயரும் வருகிறது. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. அவருடைய ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் குரல் துணுக்கை எடுத்து அதன்மேல் 2008-இல் ஜே-ஸீ, டி.ஐ., கான்யே வெஸ்ட், லில் வெய்ன் நால்வரும் பாடினார்கள். 2009 கிராமி மேடையில், பிரசவத்துக்குக் குறித்த நாளிலேயே, நிறைமாத வயிற்றோடு அவர்கள் நடுவில் நின்று எம்.ஐ.ஏ. பாடினார். அசல் ராப்பரா அவர் என்று அப்போதும் கேட்டவர்கள் உண்டு.

பெண்கள் என்று வந்தால் கேள்வி இன்னும் கசக்கும். 1984-இல் குவீன்ஸ்பிரிட்ஜின் ராக்ஸான் ஷான்டே பதினாலு வயதில் பாடிய ‘ராக்ஸான்ஸ் ரிவெஞ்ச்’ பாட்டுக்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று டஜன் கணக்கில் இசைத்தட்டுகள் கிளம்பின. மறுவருடம் ஒரு பெரிய போட்டியில் இறுதிவரை வந்து தோற்றார். சிறுமி ஜெயித்தால் இந்தக் கலையை யாரும் மதிக்கமாட்டார்கள் என்று நடுவர் ஒருவர் மதிப்பெண்ணைக் குறைத்ததாக ஷான்டே பின்னாளில் சொன்னார். லாரின் ஹில்லின் 1998 ஆல்பம் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற கிராமி விருதை வாங்கியது; ஹிப்-ஹாப்புக்கு அதற்கு முன் கிடைக்காதது. இன்றும் அவர் பெயரை எடுத்தால், பாதி பாட்டுப் பாடினாரே, ஒரே ஆல்பம்தானே என்று எண்ணத் தொடங்குகிறார்கள். ஆண்களின் கணக்கை அத்தனை கறாராக யாரும் பார்ப்பதில்லை.

இப்போது டிரேக் விவகாரம். 2015-இல் மீக் மில் என்ற ராப்பர், டிரேக்குக்கு வேறொருவர் வரி எழுதிக் கொடுக்கிறார் என்று பகிரங்கமாகச் சொன்னார். வேறு எந்தப் பாட்டுத் துறையிலும் இது குற்றமே ஆகாது. ஹிப்-ஹாப்பில் அது மூத்த பாவத்தின் பக்கத்தில் நிற்கிறது. ஆனாலும் சட்டம் எல்லோருக்கும் ஒரேபோல வளையவில்லை. ஈஸி-ஈயின் புகழ்பெற்ற ‘பாய்ஸ்-இன்-த-ஹுட்’ பாட்டை எழுதியவர் ஐஸ் கியூப். பிஸ் மார்க்கியின் பல வரிகளை பிக் டாடி கேன் எழுதினார். அவர்களை யாரும் தள்ளி வைக்கவில்லை. ஏனென்றால் நான்தான் பூமியிலேயே பெரியவன் என்று அவர்கள் கூட்டத்தின் முன் முழங்கவில்லை. அந்த இடத்தைக் கேட்கிறவன் தன் வரியைத் தானே எழுத வேண்டும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

2023 அக்டோபரில் டிரேக்கின் பாட்டு ஒன்றில் ஜே. கோல், தங்கள் மூவரையும், அதாவது கென்ட்ரிக் லமாரையும் சேர்த்து, பெரிய மூவர் என்றார். 2024 மார்ச்சில் கென்ட்ரிக், மூவரெல்லாம் இல்லை, நான் ஒருவன்தான் என்று பதில் போட்டார். ஜே. கோல் ஒரு பாட்டு வெளியிட்டு, சில நாளில் மேடையில் மன்னிப்புக் கேட்டு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெருந்தன்மை என்றார்கள் சிலர், ஓடிவிட்டார் என்றார்கள் சிலர். 1981-இன் ஹார்லெம் அரங்கத்தை ஞாபகம் வைத்திருந்தால் இரண்டாவது கட்சியின் கோபம் உங்களுக்குப் புரியும். மே மாதம் கென்ட்ரிக்கும் டிரேக்கும் நாளுக்கு ஒன்றாகப் பாட்டு வீசிக்கொண்டார்கள். மே 4 அன்று வந்தது ‘நாட் லைக் அஸ்’. இரு பக்கமும் தனிப்பட்ட வசைகள் ஏராளம்; அவற்றை விட்டுவிடுவோம். பாட்டின் கடைசிப் பகுதிதான் நம் பேச்சுக்கு வேண்டியது. அட்லாண்டாக் கலைஞர்களிடம் போய்ப் போய்த் தேவையானதை எடுத்துக்கொண்டு வருகிறவர் டிரேக் என்று கென்ட்ரிக் அங்கே குற்றம் சாட்டுகிறார். காஸின் வழக்கை 45 வருடம் கழித்து மறுபடி நடத்துகிறார் என்றே நான் கேட்டேன். அந்தப் பாட்டு ஐந்து கிராமி வாங்கியது. அவதூறு என்று டிரேக் தன் இசை நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கை 2025 அக்டோபரில் நியூயார்க் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ராப் போட்டியின் நடுவே சொல்லப்படும் வசையை, கேட்கிறவர்கள் உண்மைத் தகவலாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பது தீர்ப்பின் சாரம். பூங்காவின் சட்டத்தை நீதிமன்றமும் ஒருவகையில் படித்துத் தெரிந்துகொண்டது.

இத்தனை வாதத்திலும் ஒரு பெரிய அநியாயம் நடக்கிறது. முன்பே ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். பெரியவர் யார் என்று கேட்டால் ராப்பர் பெயர்கள் மட்டுமே வரும். ஹெர்க் ராப்பர் அல்லர். மின்னணுவியல் படித்து, இசைத்தட்டில் கிரேயானால் குறி வைத்து, இம்மி பிசகாமல் பிரேக்கைப் பிடித்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ராப்பர் அல்லர். இல்மாட்டிக்கின் தாளங்களைக் கட்டிய டிஜே பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொஃபசர் இல்லாமல் நாஸின் வரிகள் எதன்மேல் நின்றிருக்கும்? டெட்ராய்ட்டின் ஜே டில்லா ராப் வரியே இல்லாமல் ‘டோனட்ஸ்’ என்ற ஆல்பத்தைச் செய்தார். 2006 பிப்ரவரியில் அவருடைய 32-ஆம் பிறந்தநாளில் அது வந்தது, மூன்று நாளில் அவர் இறந்தார். எல்லோருக்கும் அடியில் இன்னொருவர் இருக்கிறார்: ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் சில நொடி தனியாக டிரம் வாசித்த கிளைட் ஸ்டபில்ஃபீல்டு. அந்தச் சில நொடிகளை வெட்டி எடுத்து ஒட்டிய ஹிப்-ஹாப் பாட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். இயற்றியவர் என்ற இடத்தில் அவர் பெயர் கிடையாது. 2017-இல் இறந்தார். திருட்டை மூத்த பாவம் என்று சொன்ன கலை, தனக்கு நாடித்துடிப்பு கொடுத்தவருக்குக் கடனாளியாகவே நிற்கிறது. அசல் எது என்று குரல் உயர்த்துகிற பிள்ளைகள் இந்தப் பெயரை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நிஜமாகவே ஆசைப்படுகிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளையோடு பேச வேண்டும் என்றால் ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் அந்த ஹார்லெம் வேர்ல்ட் கேசட் பதிவு. ஒலி மோசமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘பெய்ட் இன் ஃபுல்’, ‘இல்மாட்டிக்’, ‘அக்வெமினை’. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேளுங்கள், ஒரு தடவை குரலுக்காக, ஒரு தடவை டிரம்முக்காக மட்டும். பிறகு பிள்ளையிடம் போய் உங்கள் முதல் ஐந்து பேரைச் சொல்லுங்கள். ரகீமை முதலில் வைத்தால் நான் உங்கள் கட்சி. வைக்காவிட்டால், ஏன் என்று அடுத்த முறை வரும்போது எனக்குச் சொல்லியாக வேண்டும்.